ஏழு தண்டு, ஒரே தூர்: பருவக்காட்டில் நெல்லி மரங்களின் பரவல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆண்டில் சில மாதங்கள் மழையே இல்லாமல், மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் பருவக்காடு அது. அங்கே காட்டு நெல்லி எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்களிடம் வந்தது. காட்டைப் பராமரிப்பவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். இன்றிருக்கும் பெரிய மரங்கள் போனால், அந்த இடத்துக்கு வர இளசுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் நாற்று நட வேண்டும், அதை எங்கே நடுவது?

குழுவில் முதுகலை மாணவி ஒருவர், மாணவர் ஒருவர், அந்தக் காட்டில் பல ஆண்டுகள் தீக்காவல் பார்த்த மூத்த காவலர் ஒருவர் இருந்தார்கள். ஆய்வை வழிநடத்தும் பொறுப்பு என்னுடையது. கணக்கில் ஒரு பிழையும் இல்லாத அறிக்கை ஒன்றைத் தவறான முடிவோடு அனுப்பிவிட இருந்தோம். அது எப்படி நேர்ந்தது, எந்த இடத்தில் திரும்பினோம் என்பதை இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஓர் இனத்து மரங்கள் நிலத்தில் மூன்று விதமாக அமையலாம். கூட்டம் கூட்டமாக நிற்பது குவிந்த பரவல். ஒன்றின் இடத்துக்கும் இன்னொன்றின் இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருப்பது தற்செயல் பரவல். ஒன்றையொன்று விலக்கியதுபோல் இடைவெளி விட்டு நிற்பது சீரான பரவல். வெப்பமண்டல மரங்கள் தன் இனத்தைவிட்டுத் தள்ளித் தள்ளித்தான் நிற்கும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. கோஸ்டாரிகாவின் வறண்ட காட்டில் 13.44 ஹெக்டேரை வரைபடமாக்கி ஸ்டீபன் ஹப்பெல் 1979-ல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. அவர் பார்த்த இனங்கள் குவிந்திருந்தன, இல்லையென்றால் தற்செயலாக இருந்தன. பிறகு 2000-ல், முதுமலை உட்பட ஆறு இடங்களில் 25 முதல் 52 ஹெக்டேர் வரை அளந்த தரவுகளைச் சேர்த்து 1768 இனங்களைப் பார்த்தபோதும், ஏறக்குறைய எல்லாமே தற்செயலைவிடக் குவிந்தே இருந்தன.

அதனால் நெல்லியும் குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்தே போனோம். இப்போது யோசித்தால், எங்களைக் கவனமில்லாமல் ஆக்கியது அந்த எதிர்பார்ப்புதான்.

முதல் வறட்சிக்காலம்: வரைபடம் எடுத்தது

பக்கத்துக்கு 200 மீட்டர் என்று நான்கு ஹெக்டேர் சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு மூலையில் பாறைகள், நடுவில் மிதமான சரிவு, கீழே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. சரிவின் மேல்பகுதியில் உயரமான புல். காய்ந்ததும் தீப்பிடிக்கும் பகுதி அதுதான் என்று காவலர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வேலையை வறட்சிக்காலத்தில் வைத்தோம். இலை இல்லாததால் பார்வை தூரம் போகும், நடப்பதும் சுலபம். ஆனால் அதே காரணத்தால் சின்ன நாற்றுகளை அடையாளம் காண்பது கஷ்டம். நெல்லி இலைகளோடு அவற்றைத் தாங்கும் சிறு கிளைகளையும் சேர்த்தே உதிர்த்துவிடும், மிஞ்சுவது ஒரு குச்சி. வளர்ந்த மரம் என்றால், சாம்பல் நிறப் பட்டை செதில் செதிலாக உரிந்திருப்பதை வைத்தே சொல்லிவிடலாம். குச்சியில் அதெல்லாம் கிடையாது.

முதல் வாரம் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் குறித்தோம். மூன்று மீட்டர் இடைவெளியில் நின்ற இரண்டு மரங்கள் மறுநாள் வரைபடத்தில் இடம் மாறி விழுந்திருந்தன. மரங்களுக்கு நடுவே அந்தக் கருவியின் பிழையே பல மீட்டர் இருக்கும். நாங்கள் தேடுவதோ சில மீட்டருக்குள் நடக்கும் விஷயம். அந்த வாரத்துக் குறிப்புகளை அப்படியே ஒதுக்கினோம். பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து, நாடாவால் அளந்து, ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு தூரங்கள் எழுதினோம். சரிவில் நாடாவைத் தரையோடு இழுக்காமல் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். 20 பாகைச் சரிவில் தரையோடு 50 மீட்டர் அளந்தால் வரைபடத்தில் அது 47 மீட்டர்தான்.

மார்பளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், சுற்றளவு எடுத்தோம். அந்த உயரத்தைத் தொடாதவற்றுக்கு உயரம் மட்டும். தரையிலிருந்து தனியாக எழும் தண்டு ஒவ்வொன்றும் ஒரு வரி. இந்தக் கடைசி விதியை ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதினோம். பின்னால் வந்த சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

கணக்கு சொன்னது

முதலில் எளிய வழி: நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை மரம் என்று எண்ணி, எண்ணிக்கையின் மாறுபாட்டைச் சராசரியால் வகுப்பது. விடை ஒன்றுக்கு அருகில் என்றால் தற்செயல், ஒன்றுக்கு நன்றாக மேலே என்றால் குவிவு, கீழே என்றால் சீர். பத்து மீட்டர் கட்டத்தில் பலமான குவிவு வந்தது. ஐம்பது மீட்டர் கட்டத்தில் அது வெகுவாகத் தணிந்தது. மாணவர் இதைப் பார்த்துக் குழம்பினார். பலகையில் 16 மரங்களை வரைந்து காட்டினேன். ஒரு சதுரத்தை நான்கு காலாகப் பிரித்து, ஒவ்வொரு காலிலும் ஒரே மூலையில் நான்கு மரங்களை நெருக்கி வைத்தேன். நான்கு பெரிய கட்டங்களாக எண்ணினால் எல்லாவற்றிலும் நான்கு, மாறுபாடு பூஜ்யம், கச்சிதமான சீர். அதே சதுரத்தை 16 சின்னக் கட்டமாக எண்ணினால் நான்கில் நந்நான்கு, பன்னிரண்டில் ஒன்றுமில்லை, விகிதம் மூன்றைத் தாண்டும் குவிவு. மரம் எதுவும் நகரவில்லை, நாம் போட்ட கட்டம்தான் மாறியது. "இந்த மரம் குவிந்த பரவல் உடையது" என்று அளவைச் சொல்லாமல் எழுதும் வாக்கியத்தை நான் ஏற்பதில்லை.

அண்டை மரத்துக்கு உள்ள தூரத்தை வைத்துப் பார்க்கும் கிளார்க், எவான்ஸ் இருவரின் 1954-ஆம் ஆண்டு முறையும் குவிவு என்றே சொன்னது. ஹெக்டேருக்கு 100 மரம் தற்செயலாக நின்றால், மிக அருகில் உள்ள மரம் சராசரியாக 5 மீட்டரில் இருக்க வேண்டும். நிஜத் தூரம் அதைவிடக் குறைந்தால் குவிவு. ஆனால் இந்த முறை மிக அருகில் உள்ள ஒரே ஒரு அண்டையைத்தான் பார்க்கிறது, அதற்கப்பால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதனால் ரிப்ளியின் கே சார்புக்குப் போனோம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று வட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போய், உள்ளே எத்தனை மரம் விழுகிறது என்று எண்ணும் முறை அது. அதே எண்ணிக்கை மரங்களைக் கணினியில் 199 தடவை தற்செயலாகத் தூவி, அப்போது வரும் கோடுகள் அடங்கும் பட்டைக்கு வெளியே நிஜக் கோடு போகிறதா என்று பார்த்தோம். நிலத்தின் ஓரத்தில் நிற்கும் மரத்தின் வட்டம் பாதி வெளியே விழும், அதற்கு ஓரத் திருத்தம் உண்டு. அப்படியும் 50 மீட்டருக்கு மேல் போகவில்லை, பக்கத்தில் கால் பங்குதான் நம்பத்தக்க தூரம் என்று வைத்துக்கொண்டோம்.

வந்த படம் அழகாக இருந்தது. சிறு தண்டுகள் முதல் ஒரு மீட்டருக்குள் கடுமையாகக் குவிந்து, பத்துப் பதினைந்து மீட்டர் வரை குவிவு தொடர்ந்தது. பெரிய மரங்கள் அந்தத் தூரங்களில் தற்செயல் பட்டைக்குள்ளேயே நின்றன. இதற்குத் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. தாய் மரத்துக்கு அருகில் விதை நிறைய விழும், ஆனால் அந்த இனத்தைத் தின்னும் பூச்சியும் நோயும் அங்கேதான் கூடும், நெருங்கி நிற்கும் இளசுகள் சாகச் சாக மிஞ்சுபவை தள்ளித் தள்ளி அமையும். ஜான்சன் 1970-லும் கானல் 1971-லும் தனித்தனியே சொன்ன கருத்து இது. மாணவி அறிக்கையை அந்த வழியில் எழுதினார். இளசுகள் போதிய அளவு இருக்கின்றன, அவை தாய் மரங்களை ஒட்டிக் குவிந்து பிறகு கழிந்து பரவுகின்றன, நடுவதாக இருந்தால் அவ்வளவாகக் குவியாத இடங்களில் தாய் மரத்தடியில் நடலாம் என்று இருந்தது. நான் படித்தேன், சரி என்றேன்.

தூரைத் தொட்டுப் பார்த்த நாள்

அறிக்கை அனுப்புவதற்கு முன், அடையாளத் தகடுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நாள் போனோம். புல் சரிவில் மாணவி ஒரு கொத்தின் முன் உட்கார்ந்து ஏழு தண்டுகளுக்கும் எண் படித்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு உயரம், விரல் தடிமன், ஒரு பாய் அகலத்துக்குள் ஏழும். காவலர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏழுன்னு எழுதாதீங்கம்மா. இது ஒரே தூரு."

"எப்படிங்கண்ணே சொல்றீங்க?"

பதில் சொல்லாமல் அவர் கையாலேயே மண்ணை விலக்கினார். மேலே காய்ந்த புல், அதன் கீழே கறுத்த சாம்பல் மண், அதற்குக் கீழே இறுகிய மண். நான்கு விரல் ஆழத்தில் கட்டை தட்டுப்பட்டது. தேங்காயைவிடப் பெரியது, முடிச்சு முடிச்சாக, ஒரு பக்கம் கருகி உள்ளே சென்ற தழும்பு. ஏழு தண்டுகளும் அதன் வெவ்வேறு ஓரங்களிலிருந்து கிளம்பி, மண்ணுக்குள் சாய்வாக வந்து, தனித்தனியாக வெளியே தலைகாட்டியிருந்தன. நடுவில் பழைய தண்டுகளின் கரிந்த அடிகள் வேறு. எத்தனை தடவை எரிந்து எத்தனை தடவை துளிர்த்ததோ, எங்களுக்குத் தெரியவில்லை. நாற்று என்று நாங்கள் எழுதியது, அந்தச் சரிவில் எங்கள் மாணவர்களைவிட வயதான செடியாக இருக்கலாம்.

தீயில் மேல்பகுதி எரிந்துபோனாலும், மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து நெல்லி மறுபடி துளிர்க்கும். பருவக்காட்டின் பல மரங்களுக்கு இந்தக் குணம் உண்டு. இது எனக்குத் தெரியாததல்ல, வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது. படிவத்தில் அதற்கு ஓர் இடம் வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அந்தத் தவறு என்னுடையது, மாணவர்களுடையது அல்ல.

மறுபடி எண்ணியது

அறிக்கையை நிறுத்தினோம். கணினியில் ஒரு மீட்டருக்குள் உள்ள தண்டுகளை எல்லாம் ஒன்றாக்கிவிடலாம் என்று மாணவர் சொன்னார். ஒரு நாள் வேலைதான். ஆனால் பாறைப் பக்கம் அருகருகே நிஜ நாற்றுகளும் நின்றன. தூரத்தை மட்டும் வைத்து ஒன்றாக்கினால் அவையும் மறைந்துவிடும். அதனால் கொத்தாக நின்ற ஒவ்வொன்றின் அடியையும் கையால் தொட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு சாண் ஆழம் வரை மண்ணை விலக்குவது, இணைந்திருந்தால் ஒரே உயிர் என்று எழுதுவது, பார்த்ததும் மண்ணைத் திரும்ப மூடி அழுத்துவது. மழை தொடங்கியபின் செய்தோம். மண் இளகியிருந்தது, இலையும் வந்திருந்ததால் நாற்று அடையாளமும் தெளிவாக இருந்தது. மூன்று வாரம் பிடித்தது.

சிறு தண்டுகளில் பாதிக்கும் மேல் பழைய தூர்களின் துளிர்கள். புல் சரிவில் விதையிலிருந்து வந்த நாற்று அநேகமாக இல்லை. தண்டுகளுக்குப் பதில் தனி உயிர்களை வைத்து மறுபடி கணக்கிட்டபோது, முதல் ஒரு மீட்டரில் வானத்துக்கு எகிறிய குவிவு காணாமல் போனது. ஆனால் ஐந்து முதல் பதினைந்து மீட்டர் வரையான குவிவு அப்படியே நின்றது. ஆக, அது தூர்களால் வந்ததல்ல.

மிஞ்சிய குவிவு எங்கிருந்து வந்தது

தாய் மரம்தான் காரணம் என்றால், நாற்றுகள் பெரிய நெல்லிகளைச் சுற்றி இருக்க வேண்டும். இரண்டு கூட்டங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது அப்படி ஓர் ஈர்ப்பே தெரியவில்லை. நாற்றுக் கூட்டங்கள் நெல்லி மரங்களைப் பொருட்படுத்தாமல் வேறெங்கோ நின்றன. இதை முதல் தடவையே செய்து பார்த்திருக்க வேண்டும். "தாய் மரத்தை ஒட்டி" என்று எழுதியிருந்தோமே தவிர, ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கவே இல்லை.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடந்தோம். ஒன்று பாறைகளுக்கு நடுவே சமதளம், இன்னொன்று ஓடைக்கு மேலே படர்ந்த வேறொரு பெரிய மரத்தின் நிழல். தரை மிதிபட்டு, புல் படுத்துக் கிடந்தது. புள்ளிமான்களின் புழுக்கை. அதற்கிடையில் கைப்பிடி கைப்பிடியாக நெல்லிக் கொட்டைகள், சதை துளியும் ஒட்டாமல், கழுவி வைத்ததுபோல.

மான் நெல்லிக்கனியை மெல்லாமல் விழுங்கும். பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கடினமான கொட்டை வாய்க்கு வரும், அதைத் துப்பிவிடும். கொட்டை காய்ந்து தானாக வெடிக்கும், பெரும்பாலும் உள்ளே ஆறு விதை. மான்கள் நெல்லி விதையைப் பரப்புவது ஆய்வுகளில் பதிவான விஷயம்தான். நாங்கள் கண்டது அதன் வரைபடத் தடயம்: குவிவின் அகலம் ஒரு மான் கூட்டம் படுக்கும் இடத்தின் அகலம். பாறை நடுவே தீ எளிதில் நுழையாது என்பதால், அங்கே விழுந்தவை பிழைத்திருக்கின்றன.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. முப்பது மீட்டருக்கு மேலும் கோடு தற்செயல் பட்டைக்கு வெளியே மிதந்தது. இதை மரங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதாகப் படிக்கக் கூடாது. நிலத்தில் ஒரு பாதி ஏற்றதாகவும் மறுபாதி ஏற்காததாகவும் இருந்தாலே, ஏற்ற பாதிக்குள் எல்லாம் சேர்ந்து நின்று குவிவுபோல் தெரியும். புல் பகுதி, பாறைப் பகுதி என்று அடர்த்தி மாறுவதைக் கணக்கில் சேர்த்து ஒப்பிட்டபோது அந்த நீண்ட தூரக் குவிவு அடங்கியது.

எடுத்த முடிவுகள்

பழைய முடிவைக் கைவிட்டு புதிய அறிக்கை எழுதினோம். விதை வழி இளசுகள் குறைவு, இருப்பவை சில திட்டுகளில் மட்டும். புல் சரிவில் பழைய தூர்கள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் தீக்கு எட்டாத உயரத்தைத் தொடும் முன் மறுபடி எரிந்துவிடுகின்றன. தாய் மரத்தடியில் நடும் யோசனையை நீக்கினோம். வேரோடு தயாராக நிற்கும் செடியை விட்டுவிட்டு, வேர் ஊன்றாத நாற்றைத் தீ வரும் இடத்தில் நடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பதிலாக, தூர்கள் நிறைந்த சரிவின் ஒரு துண்டைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டி, சில ஆண்டுகள் எரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். காடு முழுதும் தீயே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் புல்லும் உண்ணிச்செடியும் மண்டி, ஒரு நாள் பெரிய தீ வரும் என்ற காவலரின் கவலை நியாயமானது.

முதல் அறிக்கையின் வரைவைப் பார்த்திருந்தவர்களுக்கு இந்த மாற்றத்தை விளக்குவது சங்கடமாக இருந்தது. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த விதியால் எந்தப் புள்ளி போனது என்று காட்டினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது

அடுத்த வறட்சிக்காலத்தில் புல் சரிவில் தீ வந்தது. தீத்தடுப்புக் கோட்டுக்கு வெளியே இருந்த துளிர்கள் தரை மட்டத்துக்கு எரிந்தன. மழைக்குப் பின் அதே தூர்கள் மறுபடி துளிர்த்தன, கொத்துக்கு முன்பைவிட அதிகத் தண்டுகளோடு. பழைய விதிப்படி எண்ணியிருந்தால் "தீக்குப் பின் இளசுகள் பெருகின" என்றல்லவா எழுதியிருப்போம்!

கோட்டுக்கு உள்ளே பெரும்பாலான தூர்களில் ஒன்றிரண்டு தண்டுகள் மட்டும் முந்தி உயர்ந்தன, மற்றவை தானாகக் காய்ந்தன. இரண்டு மழைக்காலம் கழித்துச் சில தலைக்கு மேலே போயின. அவை அடுத்த தீயைத் தாங்குமா என்பது இன்னும் பார்க்க வேண்டியது. நிழல் மரத்தடியில் இருந்த நாற்றுக் கூட்டம் தேய்ந்துவிட்டது. சிலவற்றை மான்களே மேய்ந்தன, சில நிழலிலேயே வாடின. பாறைத் திட்டில் இருந்தவை நிற்கின்றன.

மறுபடி செய்தால்

நான்கு ஹெக்டேர் போதாது. ஓடை, சரிவு, பாறை மூன்றும் ஒவ்வொன்றுதான் இருந்தன. "பாறையில் பிழைக்கிறது" என்று சொல்ல எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பாறைத் திட்டு. ஒரே பெரிய சதுரத்துக்குப் பதில், இப்படிப்பட்ட இடங்களைப் பலமுறை தொடும் வகையில் சிறிய நிலங்களைப் பிரித்து வைப்பேன். இன அடையாளத்துக்கும் தூர் பார்ப்பதற்கும் மழைக்காலம், இட அளவுக்கு வறட்சிக்காலம் என்று வேலையையும் பிரிப்பேன். நாற்று, துளிர், இளமரம், பெரிய மரம் நான்கையும் ஒரே கோட்டில் போட்டுப் பார்க்கும் படத்தை வரையவே மாட்டேன்.

காவலரை முதல் நாள் தீ வரும் இடம் மட்டும் கேட்டோம், செடியைப் பற்றிக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள், எங்கள் கேள்வி என்ன என்பதையே அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை என்று மாணவி சுட்டிக்காட்டினார். சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே அவர் குனிந்து மண்ணை விலக்கியிருப்பார். அடுத்த ஆய்வில் அவர் படிவம் எழுதும் நாளிலேயே எங்களோடு உட்கார்ந்தார். உயரத்துக்கும் சுற்றளவுக்கும் முன்னால், முதல் பத்தியாக இப்போது இருப்பது அவர் சொல்லிச் சேர்த்தது: "தூர் தொட்டுப் பார்த்தது: ஆம் / இல்லை".